அவள் குரலில் என் மூச்சு

எனக்கு நல்ல குரல். இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான். ஆனால் அதைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்க முடியாது. பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்தின்போது மைக்குக்கு முன்னால் நிற்கும் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. நர்ஸிங் படித்த காலத்தில் விழா எதுவானாலும் வரவேற்புரை என் தலையில்தான் விழும். சங்கரன்கோவிலில் இப்போது நான் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையில் கண் பரிசோதனை முகாம், ரத்ததான முகாம் என்று எது நடந்தாலும் அறிவிப்பு சொல்ல என்னைத்தான் தேடுவார்கள். பார்ப்பதற்கு நான் ஒன்றும் அழகி இல்லை. படிப்பிலும் நடுத்தரம். குரல் ஒன்றுதான் எனக்கென்று இருந்த சொத்து.

நான் சேர்ந்த அதே மாதத்தில் அங்கே சேர்ந்தவள் புளியங்குடிக்காரி. பெயர் வேண்டாம், வார்டில் பாதிப் பேர் அவளை ஊர்ப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவளுடைய அப்பா புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். தினமும் பஸ்ஸில் வந்து போவாள். இரண்டு பேருக்கும் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை. மதியம் அவள் டப்பாவில் பாதி எனக்கு, என் டப்பாவில் பாதி அவளுக்கு. அவளுக்குக் கரகரத்த குரல். ஜலதோஷம் பிடித்து முழுசாக விடாத மாதிரி இருக்கும். போனில் அவள் பேசினால் எதிர்முனையில் இருப்பவர்கள், "அண்ணாச்சி, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்பார்கள். அதைச் சொல்லி நாங்கள் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்திருப்பேன்.

எங்கள் வேலையைப் பற்றிப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. கொரோனாவுக்குப் பிறகு பலர் வேலையை விட்டுப் போனார்கள். சிலர் கேரளாவுக்கு, சிலர் வளைகுடாவுக்கு, சிலர் கல்யாணம் முடித்து வீட்டோடு. மிச்சமிருந்தவர்கள் அவர்கள் வேலையையும் சேர்த்துச் செய்தோம். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று தண்ணீரே குடிக்காமல் நின்றவர்கள் உண்டு. பல பேருக்கு வயிற்றுப் புண். எல்லாருக்கும் முன்கோபம். இதையெல்லாம் யாரோ கவனித்திருக்க வேண்டும். ஒருநாள் டூட்டி முடிந்ததும் எங்களை மேல்மாடி ஹாலுக்கு வரச் சொன்னார்கள். சென்னையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். நர்ஸ்களின் மன அழுத்தத்தைக் குறைக்க ஒரு தியான ஆப்பை எங்கள் போனில் ஏற்றித் தரப் போவதாகச் சொன்னாள்.

"ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும் சிஸ்டர். இயர்போன் மாட்டிட்டுக் கண்ணை மூடிட்டு உட்கார்ந்தா போதும்."

எங்களில் மூத்த சிஸ்டர் ஒருத்தர் எழுந்தார். "கூட நாலு ஆளு போட்டா அழுத்தம் தன்னால போயிரும்லா மேடம். அதுக்கு எதுக்கு ஆப்பு?"

ஹாலே சிரித்தது. சென்னைப் பெண் கோபப்படவில்லை. "அதையும் எழுதிக்கிட்டேன் சிஸ்டர்" என்று சொல்லிச் சிரித்தாள். அதனால் அவளை எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. ஏற்றிக்கொண்டோம்.

ஆப்பில் முதலில் இருந்தது ஓர் ஆண் குரல். திருத்தமான தமிழ். "இப்போது நீங்கள் ஓர் அமைதியான கடற்கரையில் நின்றுகொண்டிருக்கிறீர்கள். அலைகள் உங்கள் பாதங்களைத் தழுவுகின்றன" என்று அது சொன்னதும் பக்கத்தில் இருந்த புளியங்குடிக்காரி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "தழுவட்டும், தழுவட்டும். காலையிலயிருந்து இந்தப் பாதத்தை யாரு சீண்டுனா?" அன்றைய தியானம் அத்தோடு போயிற்று. ஒரு மாதம் கழித்துச் சென்னைப் பெண் மறுபடி வந்தபோது ஒருவரும் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. காரணம் கேட்டாள். "அந்த ஆளு பேசுறது நமக்கு இல்ல மேடம், வேற யாருக்கோ பேசுதாரு" என்று ஒருத்தி சொன்னாள்.

அப்போதுதான் சென்னைப் பெண் அந்த யோசனையைச் சொன்னாள். எங்களில் ஒருவரே, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசிப் பதிவு செய்யலாம். விருப்பம் இருப்பவர்கள் போனில் கொஞ்சம் பேசி அனுப்பினால் அதிலிருந்து ஒரு குரலை எடுத்துக்கொள்வார்கள்.

ஹாலில் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இப்போதும் அந்த நிமிஷத்தை நினைத்தால் முதுகுத்தண்டு நேராகிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிட்டு, அடுக்களை ஜன்னலைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பேசினேன். எங்கள் தெருவில் விசைத்தறிச் சத்தம் ஓயாது. தறி கொஞ்சம் நின்ற நேரமாகப் பார்த்துப் பேச வேண்டியிருந்தது. பேசிக் கேட்டு, அழித்து, மறுபடி பேசி, ஒருவழியாகத் திருப்தியாக ஒன்று வந்தது. கேட்க எனக்கே இனிமையாக இருந்தது. அனுப்பிவிட்டேன்.

மறுநாள் புளியங்குடிக்காரியிடம், "நீயும் ஒண்ணு அனுப்பு ஏட்டி" என்றேன்.

"போ ஏட்டி. எங் கொரலைக் கேட்டா இருக்க அமைதியும் ஓடிரும்."

"சும்மா அனுப்பு. நான் மட்டும் அனுப்புனேன்னு இருக்கக் கூடாதுல்லா."

நான் பெரிய மனசுக்காரி என்று தெரிய வேண்டும் என்பதற்காக அவளை வற்புறுத்தினேன். அவள் அன்று மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவின கையோடு, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து ஏதோ பேசி அனுப்பினாள். தொடக்கத்தில் ஒரு இருமல் இருந்தது. நடுவில் ஆம்புலன்ஸ் ஹாரன்.

அவளைத்தான் எடுத்தார்கள்.

சென்னைப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னாள். அதுதான் இன்னும் வலித்தது. "உங்க குரல் ரொம்ப அழகா இருக்கு சிஸ்டர். ஆனா கேட்டா ஏதோ அறிவிப்பு வரப்போகுதுன்னு மனசு உஷாராயிடுது. இவங்க பேசினா, பக்கத்துல யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு."

"அதுக்கென்ன மேடம், யாரு பேசினா என்ன" என்று சொன்னேன். முகத்தைச் சிரித்த மாதிரி வைத்திருந்ததில் கன்னம் வலித்தது.

புளியங்குடிக்காரி என்னைத் தேடி ஓடி வந்தாள். "ஏட்டி, இது என்ன கூத்து? உன்னைய விட்டுட்டு என்னையவா? நான் மாட்டேன்னு சொல்லிருதேன்."

"கிறுக்கச்சி மாதிரிப் பேசாத. கெடச்சதை விடாத, போ."

இன்னொரு தடவை அவள் மாட்டேன் என்பாள், அப்போது பேசாமல் இருந்துவிடலாம் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. "நீ சொன்னாச் சரிதான்" என்று என் கையைப் பிடித்து ஆட்டிவிட்டுப் போனாள்.

பதிவுக்கு அவளை மதுரைக்குக் கூட்டிப் போனார்கள். ஆஸ்பத்திரிக் காரிலேயே. அன்றைக்கு அவளுடைய வேலையையும் சேர்த்து நான் பார்த்தேன். ஒவ்வொரு கட்டிலாக நகரும்போதும் அவள் இப்போது எங்கே இருப்பாள், ராஜபாளையம் தாண்டியிருப்பாளா, காரில் ஏசி போட்டிருப்பார்களா என்றே மனம் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் வந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். சுவரெல்லாம் பஞ்சு வைத்த அறையாம். உள்ளே போனால் தன் மூச்சுச் சத்தம் தனக்கே கேட்குமாம். எழுதிக் கொடுத்ததை அவள் திக்கித் திணறி வாசிக்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவன், "அக்கா, அந்தப் பேப்பரைக் கீழ வச்சிருங்க. உங்க வார்டுல எப்படிப் பேசுவீங்களோ அப்படிப் பேசுங்க" என்றானாம். மத்தியானம் பிரியாணியாம்.

எனக்கென்று மதுரை மல்லி வாங்கி வந்திருந்தாள். ஈரத்துணியில் பொதிந்து, பாதி வாடிப்போயிருந்தது. "நல்ல தலைவலி, பூ வாடை ஆகாது" என்று சொல்லி அதை வரவேற்பு மேஜையில் இருந்த சாமி படத்துக்குப் போட்டேன். பொறாமைப்படுகிறவளுக்குப் பரிசு கொடுப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. அவளுக்கு அது தெரியவில்லை.

புதுக் குரல் போனில் வந்த அன்று உடை மாற்றும் அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். நானும் கேட்டேன்.

"கண்ணை மூடிக்கோங்க. மூட வரலேன்னாலும் பரவாயில்ல. காலு வலிக்குதா? வலிக்கத்தான் செய்யும், காலையிலயிருந்து நின்னுக்கிட்டுல்லா இருக்கீய. அந்தக் காலை நல்லா நீட்டிக்கோங்க. இப்ப யாரும் கூப்பிட மாட்டாவ. கூப்பிட்டாலும் பெறவு போய்க்கலாம். ஒண்ணுமில்ல. ஒரு மூச்சு இழுங்க. இழுத்தாச்சா? மெள்ள விடுங்க. ஒண்ணுமில்ல."

யாரும் சிரிக்கவில்லை. மூத்த சிஸ்டர் சுவரில் சாய்ந்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் தோள் இறங்கியது. அது இறங்கியதை உணர்ந்த உடனே மறுபடி இறுக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எங்கே திரும்பினாலும் அவள்தான். டூட்டி தொடங்கும் முன் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, காதில் ஒயரோடு, கண்ணை மூடி, எல்லாரும் அவள் சொன்னபடி மூச்சு விட்டார்கள். ஒரு டாக்டரின் மனைவிகூடத் தன் போனில் ஏற்றித் தரச் சொன்னதாகக் கேள்வி. நர்ஸிங் சூப்பிரண்டென்ட், வருஷக்கணக்காக என்னை முழுப்பெயர் சொல்லி அதட்டியவர், அவளைப் பார்த்தால் "என்னம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்கத் தொடங்கினார். ஆப்பைத் தினமும் கேட்டோமா என்பதை அவர் பார்ப்பார் என்று ஒரு பேச்சு இருந்ததால் நானும் எல்லாரோடும் உட்காருவேன். சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். அந்த நேரம் முழுக்க அவளைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். அவளுக்கு ஏன், எனக்கு ஏன் இல்லை, அந்த இருமல்கூடவா காதில் விழவில்லை என்று. எழுந்திருக்கும்போது முன்னைவிடக் களைப்பாக இருக்கும்.

வீட்டுக்குப் போனாலாவது விடும் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறவர். பல வருஷமாக அந்தச் சத்தத்துக்குள் நின்று நின்று அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அது போதாதென்று, சும்மா இருக்கும்போதும் காதுக்குள் தறி ஓடுவது போலவே இருக்கும் என்பார். ஒரு சாயங்காலம் நான் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தால் மனுஷர் தரையில் மல்லாந்து படுத்திருக்கிறார். காதில் என் இயர்போன். வயிறு சீராக ஏறி இறங்குகிறது.

"ஏங்க, என்ன கேக்கீய?"

ஒரு காதில் இருந்ததை மட்டும் கழற்றினார். "ஓம் போனுல இந்தப் பிள்ளை பேசுதுல்லா, அதைத்தான். காதுக்குள்ள ஓடுத தறி இவ பேசினா கொஞ்சம் நிக்குது."

"நானும் கல்யாணமான நாளிலயிருந்து பேசிக்கிட்டுத்தான இருக்கேன்?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "நீ பேசுனா நான் எதையோ வாங்க மறந்துட்டேன்னுல்லா தோணுது" என்றார். பிறகு இயர்போனை மாட்டிக்கொண்டு மறுபடி வயிற்றை ஏற்றி இறக்கினார். மூச்சு விடும்போது மூக்கில் லேசாக விசில் அடித்தது.

அடுக்களைக்குப் போய்ப் பாத்திரத்தை டம் டம்மென்று வைத்தேன். அவர் காதில் விழவில்லை. போனை எடுத்து அந்த ஆப்பை அழித்தேன். மறுநாள் சாயங்காலம், "அந்தப் பிள்ளையைக் காணோமே" என்று அவர் சின்னப் பிள்ளை போலக் கேட்டார். மறுபடியும் ஏற்றிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? அவர் மீதோ அவள் மீதோ எனக்குத் தப்பான சந்தேகம் எதுவும் கிடையாது. சந்தேகமாக இருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். இது அப்படித் தீருகிற சங்கதி இல்லை.

அந்த வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரில் கால் வைக்க இடமில்லை. கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்கள், வெயிலில் வாந்தி எடுத்தவர்கள் என்று காலையிலிருந்தே எங்கள் பிரிவு நிரம்பி வழிந்தது. மத்தியானம் திருவேங்கடம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். நெஞ்சு வலி. மகன் பதறிக்கொண்டு கூடவே ஓடி வந்தான். வாசலில் நின்ற புளியங்குடிக்காரி ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டே பெரியவரின் நெற்றியில் கை வைத்து, "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, பயப்படாதீய, ஒண்ணுமில்ல" என்றாள். டாக்டர் ஓடி வந்தார். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தோம். பெரியவர் பிழைக்கவில்லை.

மகன் முதலில் சத்தமே போடவில்லை. அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தான். பிறகு திரும்பி, அவ்வளவு பேர் நிற்கும்போது, நேராக அவளிடம் வந்தான்.

"ஒண்ணுமில்லன்னு சொன்னியேட்டி. நீதான் சொன்ன. இப்ப என்ன சொல்லுத? சொல்லு. இப்ப ஒண்ணுமில்லன்னு சொல்லு."

அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினான். மருந்துத் தட்டு கீழே விழுந்து உருண்டது. நாங்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து அவனை விலக்கினோம். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவள் கீழே கிடந்த ஊசிகளைப் பொறுக்கினாள். தட்டை மேஜையில் வைத்தாள். அடுத்த கட்டிலுக்குப் போய் டிரிப் ஏறுகிறதா என்று பார்த்தாள். அதற்கு அப்புறம் அவளைக் காணவில்லை.

துவைக்கப் போகும் துணிகளைப் போட்டு வைக்கும் அறையில் அவளைக் கண்டுபிடித்தேன். துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு முன்பே அங்கே வந்திருந்த ஒரு ஜூனியர் நர்ஸ், என்ன செய்வதென்று தெரியாமல், தன் போனையும் இயர்போனையும் அவளிடம் நீட்டினாள். "அக்கா, கொஞ்சம் கேளுங்கக்கா. சரியாயிரும்."

புளியங்குடிக்காரி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "எடுட்டி அதை! அவ சொல்லுறது எல்லாம் பொய்யி."

தன்னையே அவள் 'அவ' என்றாள். ஜூனியர் பயந்து வெளியே போய்விட்டாள்.

நல்ல விதமாக எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அந்த அறையில் எனக்கு முதலில் வந்த உணர்ச்சி இரக்கம் இல்லை. எங்கே போயிற்று உன் குரல், ஊரையே உறங்க வைத்த குரல் என்று உள்ளே ஒன்று கேட்டது. அது கேட்டு முடிக்கிற வரைக்கும் வாசலிலேயே நின்றேன். பிறகுதான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நான் அந்த அண்ணாச்சிகிட்ட அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

"எல்லாரும் சொல்லுறதுதான."

"எல்லாரும் சொல்லலாம். என்னையல்லா மெஷினுக்குள்ள வச்சுச் சொல்ல வச்சிருக்காவ. ஊரு பூரா இப்ப ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கிட்டே கிடக்கேன்." மூக்கை உறிஞ்சினாள். "எல்லாரும் அதைக் கேட்டு ஒறங்குதீய. நான் எதைக் கேக்க? எங் கொரலை நானே கேட்டா எனக்கு எப்படி அடங்கும்? நீ ஏதாச்சும் பேசு."

அழகான குரல் இருந்து என்ன, எனக்குப் பேச ஒன்றும் வரவில்லை. மூச்சை இழு என்று சொல்ல வாய் கூசியது. கடைசியில் என் வீட்டுக்காரர் கதையைச் சொன்னேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தது அது ஒன்றுதான். அவர் தரையில் படுத்து வயிற்றை ஏற்றி இறக்கியது, மூக்கு விசில் அடித்தது, நான் பேசினால் எதையோ வாங்க மறந்த ஞாபகம் வருகிறது என்றது, நான் ஆப்பை அழித்தது, அந்தப் பிள்ளையைக் காணோமே என்று அவர் தேடியது, எல்லாவற்றையும்.

அவள் முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. துவைக்காத போர்வை ஒன்றை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன். யாரோ எங்கள் இரண்டு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு போனோம்.

சென்னைப் பெண் அடுத்த முறை வந்தபோது புளியங்குடிக்காரி அவளிடம் ஒன்று கேட்டாள். பதிவில் 'ஒண்ணுமில்ல' என்று வருகிற இடங்களை எல்லாம் எடுத்துவிட வேண்டும். காரணத்தையும் சொன்னாள். சென்னைப் பெண் அதை எழுதிக்கொண்டு சரி என்றாள். அப்படியே எடுத்தும் விட்டார்கள். இப்போது அந்த இடங்களில் சும்மா ஒரு மௌனம் இருக்கிறது. அதுவே நன்றாக இருக்கிறது என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு அதிலும் கொஞ்சம் எரிச்சல்தான். அவள் பேசாமல் இருந்தால்கூடப் பாராட்டு.

அதே வேளையில் அந்தப் பெண் இன்னொரு செய்தியும் சொன்னாள். ஆப்புக்கு இரண்டாவது பகுதி வரப்போகிறது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கேட்பதற்கு. புளியங்குடிக்காரி என்னிடம் வந்து, "இந்தத் தடவை நான் இல்ல. உன்னையத்தான் சொல்லப் போறேன். வேண்டாம்னு மட்டும் சொல்லிராத" என்றாள். அவள் விட்டுக்கொடுத்து எனக்கு வருவதா என்று ஒரு பக்கம் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்தாலும் அன்று இரவிலிருந்து உப்புத் தண்ணீர் போட்டுத் தொண்டையைக் கொப்பளிக்கத் தொடங்கினேன். இந்தத் தடவை அறிவிப்பு மாதிரி இல்லாமல் பேச வேண்டும் என்று குளியலறையில் பேசிப் பார்த்தேன். குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்க முடியுமா என்றுகூட முயன்றேன். என் வீட்டுக்காரர் வெளியிலிருந்து, "சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். அவருக்கே கேட்டிருக்கிறது.

சில வாரம் கழித்து இரண்டாவது பகுதி எங்கள் போனில் வந்தே விட்டது. எங்களை யாரும் கேட்கவில்லை. பேசியிருந்தது வாசுதேவநல்லூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ். வயது குறைவாம். அங்கேயும் போய்ப் பேசச் சொல்லி வாங்கியிருக்கிறார்கள்.

அன்று வேலை முடிந்து பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே இயர்போனைப் பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் காதில் ஒன்று, என் காதில் ஒன்று.

"வீட்டுக்கு வந்தாச்சு" என்றது அந்தக் குரல். "கதவைச் சாத்தியாச்சு. ஆஸ்பத்திரி அங்கன இருக்கட்டும். நீங்க இங்கன இருங்க."

கேட்டு முடித்தோம். நான் வாயைத் திறக்கும் முன் புளியங்குடிக்காரி ஆரம்பித்தாள்.

"மூச்சுங்கிறதை எப்படிச் சொல்லுதா பாத்தியா? மூச்ச்ச்சாம். சளி அடைச்சவ மாதிரி."

இதை அவள் சொன்னதுதான் வேடிக்கை. "சிணுங்குதா" என்று நான் எடுத்துக் கொடுத்தேன்.

"கதவைச் சாத்தியாச்சாம். எந்த நர்ஸு வீட்டுக்குப் போயி கதவைச் சாத்திக்கிட்டு உக்காருதா? அடுப்பை யாரு பத்த வைப்பா?"

"கல்யாணம் ஆகாத பிள்ளையா இருக்கும்."

"ஆமா. அதான் அவளுக்குத் தெரியலை."

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளோடு அப்படிச் சிரித்தேன். பிறகு அவள் சிரிப்பு அடங்கியது. டீ கிளாஸைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தாள்.

"சூப்பிரண்டென்ட் இன்னைக்கு அவளைப் பத்தியே பேசுதாவ" என்றாள். "என்ன அருமையா இருக்கு, என்ன அருமையா இருக்குன்னு."

"ம்."

"எங்கிட்டச் சொல்லுதாவ பாரு, அதை."

"ம்."

என் பக்கம் திரும்பாமல் கேட்டாள். "ஏட்டி, உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா? அப்ப, என்னைய எடுத்தப்ப."

"எப்படி?"

"இந்தா, இங்கன." நெஞ்சில் கை வைத்தாள். "எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு விட்ட மாதிரி."

அவளுக்கு அதுவரை தெரியாதா, தெரிந்தும் கேட்கவில்லையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். "ஆமா" என்று வந்துவிட்டது.

"ரொம்பவா?"

"ரொம்ப."

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. புளியங்குடி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப்பெயரைச் சொல்லிக் கூவினார். அவள் எழுந்திருக்கவில்லை.

"அடுத்த பஸ்ஸுல போறேன்" என்றாள். "அதை இன்னொரு தடவை போடு."

"எதுக்கு?"

"கொறை எங்கனயாச்சும் இருக்கும்லா. பாப்போம்."

போட்டேன். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு குறை தேடினோம். அந்தப் பிள்ளை நன்றாகத்தான் பேசியிருந்தாள்.